வால்வு மூடியதா? ரெண்டு வருஷப் படிப்பும் ஒரு அணு உலையும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவைகளை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)



2024 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. எங்க ஆபீஸ் டீ பிரேக்கில் ரெண்டு நாள் அதைப் பத்திதான் பேச்சு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் மூடிக் கிடக்கும் முதல் உலையை மறுபடி ஓட்டப் போறாங்க. அந்த மின்சாரத்தை 20 வருஷத்துக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டிருக்கு. ஏஐ-க்கு டேட்டா சென்டர் வேணும், டேட்டா சென்டருக்கு கரன்ட் வேணும். கணக்கு அவ்வளவுதான்.

எல்லாரும் மெகாவாட் பத்திப் பேசிட்டிருந்தாங்க. எனக்கு வேற ஒரு கேள்வி. அந்த கன்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிஃப்டில் உட்காரப் போறவங்க யார்? அவங்க என்ன படிச்சிருப்பாங்க?

எம்.டெக்., பிஎச்.டி.ன்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா, அமெரிக்காவில் அணு உலையை இயக்கும் ஆபரேட்டர் உரிமம் வாங்க நாலு வருஷப் பட்டம் கட்டாயமே இல்லை. நிறைய பேர் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்துட்டு வர்றவங்க. இன்னொரு கூட்டம் கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு வருஷம் 'நியூக்ளியர் இன்ஜினியரிங் டெக்னாலஜி' படிச்சு அசோசியேட் டிகிரி வாங்கினவங்க. பன்னிரண்டாவதுக்கு அப்புறம் ரெண்டே வருஷம். நம்ம ஊர் பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு அச்சு அசல் சமம் இல்லை, ஆனா கிட்டத்தட்ட அந்த இடத்தில் நிக்கிற படிப்பு.

உண்மையைச் சொல்றேன், என் முதல் எண்ணம்: "ரெண்டு வருஷப் படிப்பை நம்பி அணு உலையா?"

இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததுன்னும் தெரியும். காலேஜில் ரெண்டாம் வருஷம் லேட்டரல் என்ட்ரியில் ஒருத்தன் என் ஹாஸ்டல் ரூமுக்கு வந்தான். பாலிடெக்னிக் முடிச்சுட்டு வந்தவன். "டிப்ளமோ பசங்க"ன்னு ஒரு மாதிரி இழுத்துச் சொல்வோமே, அப்படித்தான் நானும் சொல்லிட்டிருந்தேன். இந்த எபிசோடில் அவன் திரும்ப வருவான்.

இப்போ கதைக்குப் போவோம்.

நாலு மணி

1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி. அதே த்ரீ மைல் ஐலண்ட், ஆனா ரெண்டாவது உலை. வணிகரீதியா மின்சாரம் கொடுக்க ஆரம்பித்து மூணே மாசம் ஆகியிருந்தது.

முதலில், நீராவி தயாரிக்கும் பக்கம் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. டர்பைன் நின்றது. உலைக்குள் உருவாகும் சூட்டை எடுத்துப் போக ஆள் இல்லாததால் அழுத்தம் ஏறியது. மூணு செகண்டில் மேலே இருந்த ரிலீஃப் வால்வு தானா திறந்தது. எட்டாவது செகண்டில் உலையே தானா அணைந்தது. இதுவரைக்கும் எல்லாம் டிசைன் பண்ணின மாதிரியே நடந்தது.

ஆனா அணு உலையை அணைக்கிறதுங்கிறது கேஸ் அடுப்பை அணைக்கிற மாதிரி இல்லை. அணைத்த பிறகும் எரிபொருளில் இருக்கும் கதிரியக்கப் பொருள்கள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதல் நொடிகளில் முழுத் திறனில் ஆறேழு சதவீதம் வரை. பெரிய உலையில் அது நூறு மெகாவாட்டுக்கும் மேல் வரும் வெப்பம். அதனால் உலைக்குள் தண்ணீர் இருந்தே ஆகணும்.

பதிமூணாவது செகண்டில் அழுத்தம் இறங்கியது. வால்வு மூட வேண்டிய நேரம். "மூடு"ன்னு மின் கட்டளை போனது. கன்ட்ரோல் பேனலில் விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடியாச்சுன்னு ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வால்வு மூடவில்லை. சிக்கிக்கொண்டது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. வால்வுக்குக் கட்டளை போனதா இல்லையா என்பதைத்தான் காட்டியது. அடுத்த 2 மணி 22 நிமிஷம் உலையின் தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது.

சாஃப்ட்வேர் ஆளுங்க இப்போ சிரிச்சிருப்பீங்க, இல்லன்னா வயிறு கலங்கியிருக்கும். எனக்கு ரெண்டும். என் முதல் வேலையில் எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு சர்வீஸ் எங்க டீம் கையில் இருந்தது. ஒரு ராத்திரி நான்தான் ஆன்கால். கஸ்டமர்களுக்கு ஓடிபி வரலைன்னு புகார் மேல புகார். டேஷ்போர்டில் எல்லாம் பச்சை, 'அனுப்பப்பட்டது'. அதனால நான் அதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ணிட்டிருந்தேன். அந்தப் பச்சைக்கு அர்த்தம் "கேட்வே கையில் கொடுத்துட்டோம்", அவ்வளவுதான். போன் வரைக்கும் போச்சான்னு யாரும் கேட்கவே இல்லை. விடியும்போதுதான் எனக்கு உறைச்சது. அங்கே போனது சில மணி நேர ஓடிபி. இங்கே போனது உலையின் தண்ணீர்.

குக்கர் பாடம்

சரி, தண்ணீர் குறைந்தது ஏன் தெரியலை? இதைப் புரிஞ்சுக்க அடுப்படிக்கு வாங்க.

குக்கரை மூடி வெயிட் போட்டா உள்ளே தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது. 120 வரை போகும். அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கு. இப்போ சூடா இருக்கும்போதே வெயிட்டைத் தூக்கிடுங்க. அழுத்தம் இறங்கும், அமைதியா இருந்த தண்ணி சட்டுன்னு கொதிக்கும், பருப்பு நுரைச்சு மேலே பொங்கி வரும். மேலே பொங்குதுன்னா குக்கரில் தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தமா? இல்லை. தண்ணி குறைஞ்சுட்டிருக்கு, மட்டம் மட்டும் ஏறுது.

த்ரீ மைல் ஐலண்டில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். உலைக்குள் வளிமண்டலத்தைப் போல சுமார் 150 மடங்கு அழுத்தம், சுமார் 300 டிகிரி சூட்டில் தண்ணீர். வால்வு திறந்தே இருந்ததால் அழுத்தம் இறங்கியது, உள்ளே நீராவிக் குமிழ்கள் உருவாயின. அவை தண்ணீரைத் தள்ள, மட்டம் காட்டும் மீட்டர் மேலே ஏறியது. ஆபரேட்டர்கள் மட்டத்தைப் பார்த்து, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்தார்கள். அவசரப் பம்புகள் தானாகவே ஓட ஆரம்பித்து உள்ளே தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை நிறுத்தி, மற்றதைக் குறைத்தார்கள்.

இயந்திரம் சரியாகத் தொடங்கிய காப்பாற்றும் வேலையை மனுஷங்க கை நிறுத்தியது. கடைசியில் உலையின் எரிபொருளில் சுமார் பாதி உருகியது.

இங்கே அவசரப்பட்டு "முட்டாள்கள்"னு சொல்லிடாதீங்க. அன்றைக்குப் பணியில் இருந்த நாலு பேருமே கடற்படையின் அணுசக்திப் பயிற்சி பெற்றவர்கள். அழுத்தத்தைச் சமாளிக்கும் தொட்டி முழுக்கத் தண்ணீரால் நிரம்பவே விடக்கூடாது என்பது அவங்க மனசில் ஆணி அடிச்ச மாதிரி பதிந்த பாடம். அந்தப் பாடத்தைத்தான் கடைப்பிடித்தார்கள். முதல் சில நிமிஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். அலாரங்களை அச்சிடும் பிரிண்டர் நிஜ நேரத்துக்கு ரொம்பப் பின்தங்கிப் போனது. லாக் லேகில் இன்சிடென்ட் பார்த்தவங்களுக்கு அந்த நரகம் தெரியும்.

அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்து என்ன சொல்லுதுன்னு நீராவி அட்டவணையில் பார்த்திருந்தா, "உள்ளே தண்ணி கொதிக்குது"ன்னு தெரிந்திருக்கும். ரெண்டு எண்ணுமே பேனலில் இருந்தன. தெர்மோடைனமிக்ஸ் முதல் செமஸ்டர் பாடம் அது.

இந்தக் கதையை என் பழைய ரூம்மேட்கிட்ட போனில் சொன்னேன். அவன் இப்போ ஒரு அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. விளக்கு அணைஞ்ச இடம் வரைக்கும்தான் வந்திருப்பேன். "டேய், இரு. வால்வுக்கு அந்தப் பக்கம் பைப் போகும்ல, அதோட டெம்பரேச்சர் என்ன?"ன்னு கேட்டான்.

கமிஷன் விசாரணை வருஷக்கடைசியில் எழுதிய விஷயம் அது. அந்தப் பைப் சூடாகத்தான் இருந்தது. அந்த வால்வு ஏற்கெனவே லேசாகக் கசியும் என்பதால், சூட்டுக்குக் காரணம் பழைய கசிவுதான் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு வந்த ஒருத்தர் புதுசாப் பார்த்து, அந்த வழியில் இருந்த இன்னொரு வால்வை மூடச் சொன்ன பிறகுதான் கசிவு நின்றது.

பேசிக் எழுதினவர் எழுதிய ரிப்போர்ட்

அப்போது ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். அவர் கதையே இந்த எபிசோடுக்குப் பொருந்தும். பக்கத்து ஊரில் இருந்த ரெண்டு வருஷக் கல்லூரியில் முதலில் ஒரு வருஷம் படித்தவர். பிறகு கடற்படை, அங்கே அணுசக்திப் பிரிவு. 1952-ல் கனடாவின் சாக் ரிவரில் ஒரு ஆராய்ச்சி உலை சேதமானபோது சுத்தப்படுத்தப் போன குழுவில் இருந்தவர். த்ரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்த நாலாம் நாளே, ஏப்ரல் 1 அன்று, அந்த நிலையத்துக்குள் நேரில் போய் நின்றார்.

விசாரணைக் குழுவுக்கு அவர் தலைவராகப் போட்டது ஜான் கெமெனி. புடாபெஸ்டில் பிறந்த கணிதவியலாளர், ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர், டார்ட்மத் கல்லூரித் தலைவர். நமக்கு வேற விதத்தில் தெரிஞ்சவர்: தாமஸ் கர்ட்ஸோடு சேர்ந்து 'பேசிக்' மொழியை உருவாக்கினவர். முதல் பேசிக் புரோகிராம் ஓடியது 1964 மே 1, விடிகாலை 4 மணிக்கு. கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கு மட்டும் இல்லை, எல்லா மாணவர்களுக்கும் புரியணும்னு ஒரு மொழி செய்தவர், இன்னொரு விடிகாலை 4 மணியில் நாலு பேருக்கு ஏன் புரியாமல் போனது என்று விசாரிக்க வந்தார்.

1979 அக்டோபரில் ரிப்போர்ட் வந்தது. அடிப்படைக் கோளாறு கருவிகளில் இல்லை, மனிதர்களைச் சுற்றி இருந்த அமைப்பில்தான் என்றது. அதில் என்னை உலுக்கிய மூணு விஷயங்களைச் சொல்றேன்.

ஒண்ணு, உரிமத் தேர்வு. சராசரி மதிப்பெண் போதும். அவசரகால நடைமுறைப் பகுதியில் ஃபெயில் ஆனாலும் மற்றதில் மார்க் வாங்கி மொத்தத்தில் பாஸ் ஆக முடிந்தது.

ரெண்டு, சிமுலேட்டர். உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் சிமுலேட்டரில்தான் பயிற்சி. அழுத்தம் இறங்கும்போது மட்டம் ஏறும் அந்த நிலைமையை அந்த சிமுலேட்டருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. டெஸ்ட் கேஸே எழுதாத பக் அது.

மூணு, இது முதல் முறை இல்லை. 1977 செப்டம்பரில் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே மாதிரி வால்வு சிக்கியது, அங்கேயும் ஆபரேட்டர்கள் பம்பைக் குறைத்தார்கள். உலை குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்தது, சுமார் இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்தார்கள், தப்பித்தது. நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர் 1978-லேயே எச்சரித்துக் குறிப்பு எழுதினார். அது மேசைக்கு மேசை போனதே தவிர, ஆபரேட்டர்கள் கைக்கு விபத்துக்கு முன் போய்ச் சேரவில்லை.

அதாவது டிகிரி உள்ளவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. பேனல் முன்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியலை. நடுவில் ஒரு பள்ளம்.

பள்ளத்தை நிரப்பிய படிப்பு

ரிப்போர்ட் வந்த சூட்டோடு 1979 டிசம்பரிலேயே மின் நிறுவனங்கள் சேர்ந்து 'ஐஎன்பிஓ' என்ற அமைப்பைத் தொடங்கின. ஒரு நிலையத்தில் நடந்த கோளாறு அடுத்த நிலையத்துக்குத் தெரியணும், பயிற்சியை வெளியாள் வந்து சோதிக்கணும். அந்தந்த நிலையத்தின் கன்ட்ரோல் ரூமை அப்படியே பிரதி எடுத்த சிமுலேட்டர்கள் வந்தன. தண்ணீர் கொதிநிலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்குன்னு நேரடியாகக் காட்டும் மீட்டர் பேனலில் ஏறியது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இன்ஜினியரிங் அறிவுள்ள ஆலோசகர் ஒருவர் இருக்கணும்னு விதி வந்தது.

அடுத்து பெரிய சண்டை: மூத்த ஆபரேட்டர்களுக்கு நாலு வருஷப் பட்டத்தைக் கட்டாயமாக்கலாமா? 1980கள் முழுக்க அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதை விவாதித்தது. எதிர்த்தவங்க சொன்னதிலும் நியாயம் இருந்தது: பட்டம் வாங்கினவன் எத்தனை வருஷம் ராத்திரி ஷிஃப்டில் இருப்பான்? பைப் பைப்பா நடந்து பிளான்ட்டைத் தெரிஞ்சுகிட்டவனைத் தள்ளிட்டு யாரைக் கொண்டு வருவீங்க? கடைசியில் 1989-ல் ஆணையம் கட்டாயம் ஆக்கவில்லை. படிப்பை ஊக்குவிக்கிறோம் என்ற கொள்கையோடு நிறுத்திக்கொண்டது.

அந்த நடு இடத்தில்தான் ரெண்டு வருஷப் படிப்புக்கு வேலை வந்தது. இதுக்கு நான் ஒரு ஊரைக் காட்டுறேன். கனெக்டிகட் மாநிலத்தில் தேம்ஸ் ஆறு. லண்டன் தேம்ஸ் இல்லை, இது சின்ன ஆறு. ஆற்றின் முகத்துவாரத்துப் பக்கம் க்ரோட்டன்: உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸ் 1954-ல் அங்கேதான் தண்ணீரில் இறங்கியது. கொஞ்சம் மேற்கே, கடற்கரையில், மில்ஸ்டோன் அணுமின் நிலையம். ஆற்றின் தலைப்பில் நார்விச் என்ற ஊர், அங்கே 2023 வரை த்ரீ ரிவர்ஸ் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரில் இருந்த கல்லூரி. அதன் நியூக்ளியர் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிப்பு 1980களில் தொடங்கிய வம்சம்.

இந்த மாதிரி படிப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறாங்க? கணிதம், இயற்பியல், வேதியியல். வெப்பம் எப்படிக் கடக்குது, தண்ணீர் குழாயில் எப்படி ஓடுது. உலைக்குள் நியூட்ரான் கணக்கு. கதிரியக்கத்திலிருந்து உடம்பைக் காப்பது. உலோகம் கதிரடியில் என்ன ஆகும். மீட்டர் காட்டும் எண் சென்சாரில் இருந்து பேனல் வரை எப்படி வந்து சேருது. புது உலையை டிசைன் பண்ண இது போதாது. முன்னாடி இருக்கும் உலை என்ன சொல்லுதுன்னு கேட்க இது வேணும்.

படிச்ச உடனே பேனலில் உட்கார விட மாட்டாங்க. முதலில் பிளான்ட்டுக்குள் வால்வு வால்வா சுத்தணும். பிறகு உரிமத்துக்கு ஒன்றரை ரெண்டு வருஷப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் தேர்வு. உரிமம் ஆறு வருஷம். அதுக்குள்ளேயும் அஞ்சாறு வாரத்துக்கு ஒரு வாரம் வகுப்பிலும் சிமுலேட்டரிலும் போகும். நாலு வருஷம் படிச்சுட்டு மறுநாளே புரொடக்‌ஷன் அக்சஸ் வாங்கினவன் நான். ஒப்பிட்டுப் பார்த்து வாய் மூடினேன்.

அதே ஆற்றங்கரையில்

"ஆகவே படிப்பு காப்பாத்தியது, சுபம்"னு முடிக்கத்தான் ஆசை. ஆனா அதே மில்ஸ்டோன் நிலையம் முடிக்க விடலை.

1996 மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டைப்படக் கதை மில்ஸ்டோன். எரிந்த எரிபொருளைக் குளத்துக்கு மாற்றும் முறை உரிம விதிகளுக்குள் வரலைன்னு உள்ளிருந்த இன்ஜினியர் ஜார்ஜ் கலாட்டிஸ் வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தார். அந்த வருஷம் மூணு உலைகளும் நின்ற நிலையில் இருந்தன. முதல் உலை திரும்ப ஓடவே இல்லை. 1999-ல் நிலையத்தை நடத்திய நிறுவனம் 25 குற்றச்சாட்டுகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தக் குற்றங்களில் ஒரு பகுதி என்ன தெரியுமா? உரிமத் தேர்வுக்குப் போன ஆபரேட்டர்களின் பயிற்சி பற்றி ஆணையத்துக்குப் பொய்யான தகவல் கொடுத்தது.

விண்ணப்பத்தில் "பயிற்சி முடித்தார்" என்று இருந்தது. வேண்டிய பயிற்சி முடியவில்லை. அந்தக் காகிதமும் 1979-ன் விளக்கு மாதிரிதான்.

இதைப் படிச்சப்போதான் என் முதல் எண்ணம் எங்கே தப்புன்னு புரிஞ்சது. ரெண்டு வருஷமா நாலு வருஷமான்னு நான் எண்ணிட்டிருந்தேன். பட்டம் என்பது ஒருத்தருக்குப் பாடம் நடத்தப்பட்டது என்பதற்கான விளக்கு. பாடம் உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதை அது காட்டாது. என் பி.இ. சான்றிதழும் அப்படித்தான், அவன் டிப்ளமோவும் அப்படித்தான். அதனாலதான் அந்தத் தொழிலில் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் சோதிச்சுப் பார்க்கிறாங்க. யாரையும் நம்பாததால் இல்லை. விளக்கை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு பார்த்துட்டதால்.

ஹாஸ்டலில் ஒரு நாள் லேபில் மோட்டார் ஓடலை. நாங்க நாலு பேர் சர்க்யூட் வரைபடத்தை வெச்சு விவாதம் பண்ணிட்டிருந்தோம். அவன் வந்து பக்கத்தில் நின்னு, காது கொடுத்துக் கேட்டுட்டு, "ஒரு ஃபேஸ் வரலை"ன்னான். டெஸ்டர் வெச்சுப் பார்த்தோம், வரலை. அன்னிக்கு நாங்க சிரிச்சோம், "டிப்ளமோ ட்ரிக்"னு. இந்த வாரம் போனில் அதுக்கு மன்னிப்பு கேட்டேன். அவனுக்கு அந்தச் சம்பவமே ஞாபகம் இல்லை. "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வெச்சுடறேன்டா"ன்னு கட் பண்ணிட்டான்.

உங்க ரூமிலும் அப்படி யாராவது இருந்திருப்பாங்க. அவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.